வழி கேட்டு நடக்கும் தீவு

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கற்பனை உலக வீடியோ கேம் வரிசையில் எந்த கேம் நம்மை அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது? ஸ்கைரிமை முடித்துவிட்டு, அடுத்து 2025இல் வந்த, ஒப்ளிவியன் கேமின் புதுப்பித்த பதிப்பான ரீமாஸ்டருக்குப் போவதா, இல்லை இன்னும் பழையதற்குப் போவதா என்று யோசிப்பவருக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். என் பதில் மோரோவிண்ட். 2002இல் வந்த கேம் அது. மனிதர்கள் விறைப்பாக நடப்பார்கள், முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும், பேச்சில் பெரும்பகுதியைக் கேட்க முடியாது, வாசிக்கத்தான் வேண்டும். அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஸ்கைரிமில்தான் நான் அதிக மணிநேரம் கழித்திருக்கிறேன். ஆனாலும் ஓர் ஊருக்குப் போய் வாழ்ந்துவிட்டு வந்த நினைவு எனக்கு மோரோவிண்டின் வார்டன்ஃபெல் தீவைப் பற்றித்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்ல, ஆரம்பத்திலிருந்தே வருகிறேன். கைதிகளை ஏற்றி வந்த கப்பலின் அடித்தட்டில் கண் விழிக்கிறோம். பக்கத்தில் இருக்கும் ஜியுப் என்ற கைதி பெயர் கேட்கிறான். சேய்டா நீன் என்ற சதுப்பு நிலத் துறைமுகத்தில் இறக்கிவிடுகிறார்கள். அங்கே குடிவரவு அலுவலகத்தில் ஒரு முதியவர் நம் தொழில், பிறந்த ராசி எல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறார். மற்ற கேம்களில் தனித் திரையில் செய்யும் கேரக்டர் உருவாக்கம் இங்கே அரசாங்கப் பதிவேட்டில் நம்மைச் சேர்க்கும் வேலையாகவே நடக்கிறது. அப்புறம் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, பால்மோரா ஊரில் கையஸ் கொசேட்ஸ் என்பவரிடம் சேர்த்துவிடு என்கிறார்கள். கதவு திறக்கிறது. அவ்வளவுதான்.

திரையில் அம்புக்குறி கிடையாது. மேப்பில் மின்னும் புள்ளி கிடையாது. பால்மோரா எந்தப் பக்கம் என்று ஊரில் யாரையாவது கேட்க வேண்டும். கேட்டால் சொல்கிறார்கள். நடந்தும் போகலாம், ஊர் ஓரத்தில் நிற்கும் சில்ட் ஸ்ட்ரைடரில் ஏறியும் போகலாம். அது வீட்டை விட உயரமான, நெடுங்கால் பூச்சி. முதுகு ஓட்டைக் குடைந்து பயணிகள் உட்கார இடம் செய்திருப்பார்கள். ஓட்டுபவர் அதன் திறந்த நரம்புகளையும் தசைகளையும் கையால் தொட்டுத்தான் அதை நடத்துகிறார். அது எழுப்பும் நீண்ட, துயரமான ஓலம் ஊர் முழுக்கக் கேட்கும். முதல் முறை ஆடுபவருக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும். பத்து மணிநேரம் ஆடிய பிறகு, காட்டுப் பாதையில் இருட்டி வரும்போது அதே ஓலம் தூரத்தில் கேட்டால், அப்பாடா, ஊர் வந்துவிட்டது என்று மனசு ஆறும். ஒரு சத்தத்தின் அர்த்தம் நமக்குள் இப்படி மாறுவதைத்தான் நான் ஒன்றிப்போவது என்கிறேன்.

பால்மோரா போய்ச் சேர்ந்ததும் கையஸைத் தேட வேண்டும். தெற்குச் சுவர் என்ற மதுக்கடையில் விசாரிக்கச் சொல்லியிருப்பார்கள். விசாரித்துப் போனால், ஓர் அறை வீட்டில் சட்டை போடாத ஒரு கிழவர். அவர்தான் இங்கே பேரரசரின் உளவுத் தலைவர். உடனே உலகத்தைக் காப்பாற்று என்று அவர் சொல்வதில்லை. "நீ இன்னும் புதுசு. ஏதாவது ஒரு சங்கத்தில் சேர், நாலு இடம் பார், கொஞ்சம் பழகிவிட்டு வா" என்ற பொருளில் பேசி, கையில் 200 பொற்காசு கொடுத்து அனுப்புகிறார். கதையே நம்மை ஊரில் பழகச் சொல்லி அனுப்புவதால், சுற்றித் திரிவது கதைக்குத் துரோகம் செய்வதாகத் தோன்றாது. ஒப்ளிவியனில் இது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஒரு நகரம் எரிந்துகொண்டிருக்கும், நான் மலையில் மூலிகை பறித்துக்கொண்டிருப்பேன். அவசரம் என்று கதை சொல்கிறது, அவசரமே இல்லை என்று உலகம் சொல்கிறது. மோரோவிண்டில் இரண்டும் ஒரே குரலில் பேசுகின்றன.

கையஸ் தரும் முதல் வேலைக்காக ஆர்க்ங்தாண்ட் என்ற பாழடைந்த இடத்திலிருந்து ஒரு புதிர்ப் பெட்டியை எடுத்து வர வேண்டும். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் பதில் முழுவதும் இதற்குள் இருக்கிறது. வழியை வாயால்தான் சொல்வார்கள். பால்மோராவின் தெற்கு வாசலில் கிளம்பு, ஓடாய் ஆற்றைக் கட (நம் ஓடை மாதிரியே ஒலிக்கும் பெயர், தற்செயல்தான்), மூன்மாத் கோட்டையைத் தாண்டு, எரிமலைக் குழம்பு ஓடிக் காய்ந்த பள்ளத்தாக்கின் மேல் ஒரு பழைய பாலம் இருக்கும், அதைக் கடந்தால் இடிபாடு. அவ்வளவுதான் தகவல். நான் முதல் முறை போனபோது கோட்டை வரை சரியாகப் போய்விட்டு, பாலத்தைக் கவனிக்காமல் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டேன். அது தீவின் நடுவில் நிற்கும் எரிமலையான செம்மலையை நோக்கி ஏறுகிறது. சாம்பல் புயல் அடித்தது. திரை செம்பழுப்பாக மாறியது. எதிரே வந்த ஒருவர் கையை மடித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்த்தால் வந்த வழி தெரியவில்லை. கடைசியில் அண்ணாந்து பார்த்தபோது தலைக்கு மேலே அந்தப் பாலம்.

மேலே ஏறிப் போனால் இடிபாட்டுக்குக் கதவே திறந்திருக்காது. பக்கத்தில் ஒரு குழாயில் இருக்கும் திருகைத் திருப்ப வேண்டும். உள்ளே போனால் பெட்டி பளபளக்காது, அலமாரியில் சின்னதாக ஒரு கன சதுரம், அவ்வளவுதான். கண்ணால் தேடித்தான் எடுக்க வேண்டும். அங்கே எனக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று. இன்று அந்த கேமை எடுத்தாலும் பால்மோராவிலிருந்து ஆர்க்ங்தாண்டுக்கு மேப் பார்க்காமல் என்னால் நடக்க முடியும். ஸ்கைரிமில் நூறு குகைகளுக்குப் போயிருக்கிறேன். அதில் ஒன்றுக்குக்கூட மேப் இல்லாமல் வழி சொல்ல என்னால் முடியாது. திசைகாட்டி சொன்ன பக்கம் போனேன், வேலை முடிந்ததும் மேப்பைத் திறந்து வேறு ஊருக்குத் தாவினேன்.

சரி, ஸ்கைரிமில் வழி காட்டும் அந்தக் குறியை அணைத்துவிட்டு ஆடினால் போயிற்றே என்று பலர் சொல்வார்கள். நானும் செய்து பார்த்தேன். சரிப்படவில்லை. காரணம் எளிது. வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் வழியே சொல்வதில்லை. "உன் மேப்பில் குறித்துத் தருகிறேன்" என்று முடித்துவிடுகிறார்கள். குறி இருக்கும் என்று நம்பித்தான் வசனமே எழுதப்பட்டிருக்கிறது. மோரோவிண்டில் வழி சொல்வது வசனத்தின் வேலை, அதனால் ஊர்க்காரர்கள் ஊரை அறிந்தவர்களாகத் தெரிகிறார்கள். மலை, ஆறு, கோட்டை, பாலம் எல்லாமே அடையாளங்களாக வேலை செய்கின்றன. சில நேரம் சொன்ன வழி தப்பாகவும் இருக்கும். அதில் எனக்குக் கோபமே வந்ததில்லை. தெரியாத ஊரில் அதுவும் நடக்கிறதுதானே.

இன்னொன்று, அந்தத் தீவுக்கு நாம் வேண்டாத விருந்தாளி. ஊர்க்காரர்களான டன்மர்கள் முகத்துக்கு நேராகவே 'அந்நியன்' என்பார்கள். நாம் டன்மர் இனத்தையே தேர்ந்தெடுத்து ஆடினாலும், வெளியூரில் வளர்ந்தவன் என்று பேச்சிலேயே ஒரு தள்ளிவைத்தல் இருக்கும். பேரரசு இங்கே வெளியிலிருந்து வந்து உட்கார்ந்த ஆட்சி. அதன் கோட்டைகள் கல்லால் கட்டியவை, ஊரின் வீடுகள் மண்ணாலும் ஓட்டாலும் ஆனவை. ஆல்ட்ரூன் நகரில் பெரிய வீட்டுக்காரர்கள் வாழ்வது செத்துப்போன ஒரு ராட்சத நண்டின் ஓட்டுக்குள். கிழக்கே டெல்வான்னி மந்திரவாதிகள் காளான்களைக் கோபுரமாக வளர்த்து அதில் குடியிருக்கிறார்கள். அந்தக் கோபுரங்களில் மேல்தளத்துக்குப் படிக்கட்டே கிடையாது! பறக்கும் மந்திரம் தெரிந்தவன் மட்டும் மேலே வரட்டும் என்பது அவர்கள் எண்ணம். முதல் முறை அந்தச் செங்குத்துக் குழாயின் அடியில் நின்று மேலே பார்த்தபோது, அந்தக் குலத்தைப் பற்றி நூறு பக்கம் வாசித்திருந்தாலும் தெரியாதது தெரிந்தது. சாட்ரித் மோராவுக்குப் போனால், வெளியூர்க்காரர்கள் முதலில் விடுதிக்குப் போய் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள்.

அங்கே அடிமை முறையும் சட்டப்படி இருக்கிறது. பூனை போன்ற கஜீத், பல்லி போன்ற ஆர்கோனியன் இனத்தவர்கள் கையில் காப்பு மாட்டப்பட்டு தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். நாமே அந்த இனங்களில் ஒன்றாக ஆடலாம். யாரும் நிறுத்தி வைத்து இது தப்பு என்று பிரசங்கம் செய்வதில்லை. சாவியைத் தேடி எடுத்து விடுவிக்கலாம், அல்லது பார்த்தும் பாராமல் போகலாம். விடுவித்துக்கொண்டே இருந்தால், ரகசியமாக இயங்கும் ஒரு விடுதலைக் கூட்டம் இருப்பது மெல்லத் தெரிய வரும்.

பயணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேப்பில் தொட்ட இடத்துக்குத் தாவும் ஃபாஸ்ட் டிராவல் இல்லையே என்று புதிதாக வருபவர்கள் பயப்படுகிறார்கள். உண்மையில் இருக்கிறது, ஆனால் ஊருக்குள் இருக்கிறது. சில்ட் ஸ்ட்ரைடர்கள் சில ஊர்களை இணைக்கின்றன. படகுகள் கரையோர ஊர்களை இணைக்கின்றன. மந்திரவாதிகள் சங்கத்தின் ஐந்து கிளைகளுக்கிடையே காசு கொடுத்தால் நொடியில் அனுப்பிவைப்பார்கள். நின்ற இடத்தைக் குறித்து வைக்க ஒரு மந்திரம், பிறகு அங்கேயே திரும்ப இன்னொன்று, பக்கத்துக் கோவிலுக்குத் தூக்கிச் செல்லும் மந்திரங்கள் இரண்டு. இவற்றைக் கோர்த்துப் பயணம் போட வேண்டும். இங்கிருந்து பூச்சி, அங்கே இறங்கிச் சங்கம், அப்புறம் படகு, கடைசி அரை மணி நடை. நகரத்தில் பஸ் மாறி மாறிப் போகப் பழகியவருக்கு இது எவ்வளவு இயல்பாக வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. முப்பது மணிநேரம் கழித்து, யோசிக்காமலேயே வழி போடுகிறோம் என்று உணரும்போது அந்நியன் என்ற சொல் நம் மீது ஒட்டாமல் போகிறது.

சங்கங்களிலும் இதே கண்டிப்புதான். பதவி உயர்வுக்கு அந்தந்தத் திறமையில் இவ்வளவு தேர்ச்சி வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. ஹ்லாலு, ரெடோரன், டெல்வான்னி என்ற மூன்று குலங்களில் ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டின் கதவு மூடிவிடும். ஸ்கைரிமில் ஒரே ஆள் வீரர் படைக்கும், திருடர் கூட்டத்துக்கும், மந்திரக் கல்லூரிக்கும் தலைவனாகலாம். கல்லூரியின் தலைமைப் பதவிக்கு வர மந்திரத்தில் பெரிய தேர்ச்சிகூடத் தேவையில்லை. விளையாடுபவருக்கு அது தாராளம். ஆனால் அந்தப் பதவிக்கு ஊரில் என்ன மதிப்பு என்று யோசித்தால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கதையும் அப்படியே. நாம் நெரெவரீன், அதாவது பழைய வீரன் நெரெவரின் மறுபிறவியா? பேரரசு தன் வசதிக்கு அந்த வேடத்தை நமக்குக் கட்டிவிட்டதா? நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவன்தான் நெரெவரீன் ஆகிறான் என்று வாசிக்கவும் இடம் இருக்கிறது. நெரெவர் எப்படிச் செத்தான் என்பதைக் கோவில் ஒரு மாதிரி சொல்கிறது, சாம்பல் நிலத்து நாடோடிகள் வேறு மாதிரி சொல்கிறார்கள், வாழும் தெய்வமான விவெக் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார். கேம் நடுவில் வந்து தீர்ப்பு சொல்வதே இல்லை. நான் எல்லாக் கட்சியையும் கேட்டுவிட்டு, நாடோடிகளை நம்பினேன். வேறொருவர் கோவிலை நம்பியிருக்கலாம். வரலாறு என்றால் இப்படித்தானே இருக்கும்.

ஸ்கைரிமுக்கு நியாயம் செய்யாமல் விட முடியாது. உடம்புக்குத் தெரியும்படி ஒரு நிலத்தைக் கட்டியதில் 2011இல் வந்த அந்த கேமை இந்த வரிசையில் எதுவும் நெருங்கவில்லை. மலை முகட்டில் காற்று பனித்தூளை வாரிக்கொண்டு போவதும், ரிஃப்ட் பகுதியின் மஞ்சள் இலைக் காடும், கிழக்கே வெந்நீர் ஊற்றுகளின் ஆவியும், இரவில் வடவொளி வானத்தில் அசையும்போது பின்னால் மெல்ல வரும் ஜெரமி சோலின் இசையும் எனக்கு இன்னும் சலிக்கவில்லை. கையில் எடுத்த பொருளைத் திருப்பிப் பார்க்க வைக்கும் அந்தத் தங்க நகப் புதிர் அபாரம். பறவைக் கால் போன்ற அந்த நகம்தான் கதவின் சாவி, விடை அதன் உள்ளங்கையிலேயே செதுக்கப்பட்டிருக்கும். அதை நாமே கண்டுபிடிக்கும் அந்த நொடி சுத்தமான மோரோவிண்ட் நொடி. 7,000 படிகள் ஏறிப் போகும் உயர் ஹ்ரோத்கார் மடமும் அப்படித்தான். வழியில் கல்வெட்டுகளை நின்று வாசித்துக்கொண்டு, ஃபாஸ்ட் டிராவல் இல்லாமல் ஏறிப் பாருங்கள். பின்னாளில் வந்த சர்வைவல் முறையைப் போட்டுக்கொண்டால் குளிர், பசி, களைப்பு எல்லாம் வந்துவிடும், மேப்பில் தாவுவதும் நின்றுவிடும். ஸ்கைரிமை ஏற்கெனவே முடித்தவர்கள் இரண்டாம் முறை இப்படி ஆடினால் வேறு கேமாகவே தெரியும். குறையெல்லாம் மனிதர்கள் பக்கம்தான். நிலம் நம்மைக் கண்டுகொள்வதில்லை, அதனால் நம்ப முடிகிறது. மனிதர்களோ நாம் யார் என்று தெரிவதற்கு முன்பே நம் கையில் வேலையைத் திணித்துவிடுகிறார்கள்.

2006இல் வந்த ஒப்ளிவியன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சாக்கடைச் சுரங்கத்திலிருந்து வெளியே வந்து, ஏரியின் அக்கரையில் வெண்கல் இடிபாடு வெயிலில் தெரியும் அந்த முதல் காட்சி அழகு. ஊர் மக்களுக்கு அன்றாட அட்டவணை கொடுத்து, சாப்பிட, தூங்க, கோவிலுக்குப் போக வைத்தது அந்த கேம்தான்; மோரோவிண்டின் கடைக்காரர் இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்பார், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலகம் முழுக்க நம் லெவலுக்கு ஏற்றபடி மாறுவது என்னை வெளியே தள்ளிவிட்டது. வழிப்பறிக்காரன் விலையுயர்ந்த கண்ணாடிக் கவசம் போட்டு வந்து நூறு காசு கேட்டால், அவன் நமக்காகவே வைக்கப்பட்டவன் என்று தெரிந்துவிடுகிறது. மோரோவிண்டில் ஆபத்தான இடம் நாம் பிறப்பதற்கு முன்பே ஆபத்தாக இருந்தது போலத் தோன்றும். ரீமாஸ்டரில் காடும் வெளிச்சமும் கண்ணைப் பறிக்கின்றன, லெவல் ஏறும் முறையையும் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் அடியில் ஓடுவது அதே 2006 கேம்.

1996இன் டாகர்ஃபாலைப் பற்றி ஒரு வரி. அளவில் இந்த வரிசையில் பின்னால் வந்த எதுவும் இதற்கு ஈடில்லை, ஆயிரக்கணக்கான ஊர்கள். ஆனால் பெரும்பாலானவை கணக்கிட்டு உருவாக்கியவை, ஓர் ஊரை இன்னொன்றிலிருந்து பிரித்து நினைவில் வைக்க என்னால் முடியவில்லை.

மோரோவிண்டைத் தொடங்கப் போகிறீர்கள் என்றால், சண்டையில்தான் பலர் விட்டுவிட்டுப் போகிறார்கள். வாள் எதிரியின் மேல் பட்டது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அடி விழாது. உள்ளே பகடை உருளுகிறது. ஆயுதத் திறமை, சுறுசுறுப்பு, களைப்பு எல்லாம் அதில் சேரும். குடிவரவு அலுவலகத்தில் கிடைக்கும் குறுவாளை எடுத்துக்கொண்டு, அதில் தேர்ச்சி இல்லாமல், ஓடி வந்து மூச்சு வாங்க நண்டைக் குத்தினால் பத்தில் எட்டு முறை தவறும். கேரக்டர் செய்யும்போதே ஒரு ஆயுதத்தை முக்கியத் திறமையாக வையுங்கள், அந்த ஆயுதத்தையே வாங்குங்கள், சண்டைக்கு முன் ஓடாமல் நடந்து, களைப்பைக் காட்டும் பச்சைப் பட்டையை நிரப்பிக்கொள்ளுங்கள். பாதிக் கோபம் போய்விடும். அப்புறம், ஓபன்எம்டபிள்யூ என்ற இலவச இன்ஜினில் கேம் கோப்புகளைப் போட்டு ஆடுங்கள், இன்றைய கணினிகளில் சீராக ஓடும். அதில் தொலைவு வரை தெரியும்படி காட்சியை நீட்டிக்கலாம். தயவுசெய்து முதல் முறை நீட்டிக்க வேண்டாம். தீவு உண்மையில் சின்னது. மூடுபனியும் வளைந்த பாதையும் சேர்ந்துதான் அதைப் பெரிதாக்குகின்றன. பனி விலகினால் அடுத்த ஊரின் கூரை இங்கிருந்தே தெரிந்துவிடும்.

சேய்டா நீனை விட்டுப் பாதையில் நடக்கும்போது, வானத்திலிருந்து ஒருவர் அலறிக்கொண்டே விழுவார். நின்று பாருங்கள். விழுந்தவரின் பையில் இருக்கும் குறிப்பை வாசிக்காமல் அவருடைய மந்திரச் சுருளைப் பயன்படுத்தாதீர்கள்.

ஸ்கைரிமை முடித்தவராக இருந்தாலும், மோரோவிண்டுக்குப் பிறகு அதன் டிராகன்பார்ன் விரிவாக்கத்துக்கு ஒரு முறை திரும்பிப் போங்கள். இரண்டு கதைகளுக்கும் நடுவில் சுமார் 200 ஆண்டுகள். அதற்குள் செம்மலை வெடித்து வார்டன்ஃபெல்லின் பெரும்பகுதி அழிந்துவிட்டது; விண்ட்ஹெல்ம் நகரின் சாம்பல் குடியிருப்பில் ஒண்டியிருக்கும் டன்மர்கள் அங்கிருந்து ஓடி வந்தவர்களின் வழி வந்தவர்கள். முதல் முறை ஆடியபோது அவர்களை நான் சரியாகக் கவனிக்கக்கூட இல்லை. விரிவாக்கத்தில் சோல்ஸ்தைம் தீவில் இறங்கினால் மோரோவிண்டின் பழைய இசை திரும்ப வரும். ரேவன் ராக் துறைமுகத்தில் நின்றால் கடலுக்கு அப்பால் செம்மலை இன்னும் புகைந்துகொண்டிருப்பது தெரியும். தீவின் தெற்கே, டெல் மித்ரின் காளான் கோபுரத்துக்குப் பக்கத்தில், ஒரு கிழட்டு சில்ட் ஸ்ட்ரைடர் நிற்கிறது. டஸ்டி என்று பெயர். ரெவஸ் சர்வானி என்ற வியாபாரி கூடவே இருந்து அதைப் பார்த்துக்கொள்கிறார். அது இப்போது யாரையும் ஏற்றிச் செல்வதில்லை. பால்மோராவுக்கு எவ்வளவு என்று கேட்க என் வாய் வரை வந்துவிட்டது.